நீலக் கல்லுக்குப் பெயர் சொல்லும் முன்: ராமநாதபுரம் கரையில் கனிமம் கற்கத் தொடங்குபவர்களுக்கு

கனிமங்களைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கல்லைப் பார்த்தவுடன் பெயர் சொல்லாதீர்கள். நீலமாக ஒன்று மின்னினால் நீலக்கல், சிவப்பாக மின்னினால் மாணிக்கம் என்று வாய் முந்திக்கொள்கிறது. நிறம் கடைசியாகக் கேட்க வேண்டிய சாட்சி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வரிசையை விளக்க ஒரு கனிமம் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது செரெண்டிபைட். நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட, உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே உள்ள ஒரு நீலநிறச் சிலிக்கேட், அதாவது சிலிக்கனையும் ஆக்சிஜனையும் அடிப்படையாகக் கொண்ட கனிமம். இதை நம் கடற்கரையில் பொறுக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் அதை அடையாளம் காண உதவும் சோதனைகள் எல்லாவற்றையும் நம் கரையின் மணலிலேயே பழகிவிடலாம். கை பழகிய பிறகு எந்தக் கல் வந்தாலும் தடுமாற்றம் இருக்காது.

செரெண்டிபைட்டின் கதை

1902-ஆம் ஆண்டு. கண்டி மாவட்டத்தில் அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டிய என்ற இடம். அங்கே பளிங்குச் சுண்ணாம்புப் பாறையும் கிரானுலைட் என்னும் உருமாறிய பாறையும் ஒன்றையொன்று தொடும் ஓரத்தில், நீல மணிகள் பதிந்த ஒரு பாறை இருந்தது. அதை ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சிற்பத்தையும் நடராசர் வடிவத்தையும் உலகுக்கு எடுத்துச் சொன்ன அதே குமாரசுவாமிதான். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். 1877-இல் கொழும்பில் பிறந்தவர். லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்துப் பட்டம் பெற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார். கலை வரலாற்றாளராக அவரைக் கொண்டாடும் நாம், சுத்தியலோடு மலையேறிய அந்த இளைஞரை ஏறக்குறைய மறந்தே விட்டோம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் அறிவியல் பக்கத்திலும் வர வேண்டும்.

அந்த நீல மணிகள் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிம வேதியியலாளர் ஜார்ஜ் தர்லண்ட் பிரையருடன் சேர்ந்து குமாரசுவாமி 1903-இல் அதைப் புதிய கனிமமாக அறிவித்தார். இலங்கைக்கு அரபு வணிகர்கள் வழங்கிய பழைய பெயரான செரெண்டிப் என்பதிலிருந்து பெயர் வைத்தார்கள்.

புதியது என்று எப்படித் தெரிந்தது? நீலம் என்பதால் அல்ல. பகுத்துப் பார்த்தபோது கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவற்றோடு போரானும் இருந்தது. இந்தச் சேர்க்கையும் இந்த ஒளியியல் பண்புகளும் ஒருசேர வேறெந்தக் கனிமத்திலும் இல்லை. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அலுமினா (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது), கால் பங்கு சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது). சிலிக்கேட் கனிமங்களின் அடிப்படை அலகு, ஒரு சிலிக்கன் அணுவை நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த நான்முகி. செரெண்டிபைட்டில் அந்த நான்முகிகளின் நடுவே சில இடங்களில் சிலிக்கனுக்குப் பதிலாகப் போரானும் அலுமினியமும் உட்கார்ந்திருக்கின்றன.

அது ஏன் இவ்வளவு அரிது என்பதற்கும் அந்த ஓரத்திலேயே விடை இருக்கிறது. பளிங்கு கால்சியத்தைத் தர வேண்டும், பக்கத்துப் பாறை அலுமினியத்தைத் தர வேண்டும், எங்கிருந்தோ போரான் கலந்த திரவம் ஊடுருவ வேண்டும், சிலிக்கா அதிகமாக இருக்கவும் கூடாது, கூடவே பூமியின் ஆழத்து வெப்பமும் அழுத்தமும் வேண்டும். இவை எல்லாம் ஓரிடத்தில் கூடுவது எப்போதாவதுதான். இலங்கைக்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஜான்ஸ்பர்க்கில் கிடைத்ததை 1932-இல் லார்சனும் ஷாலரும் விவரித்தார்கள். மடகாஸ்கரிலும் மியான்மரின் மோகோக்கிலும் உண்டு. பட்டை தீட்டத்தக்க தெளிவான கற்கள் 1990-களில்தான் இலங்கையிலிருந்து வெளிவந்தன, அவையும் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

எங்கே, எப்போது போவது

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேசுவரத்து மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மணல் படிக்க ஆண்கடல் பக்கமே நல்லது. தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும் மாதங்களில் அலை, கரை மணலைப் புரட்டிப் போடும். எடை குறைந்த குவார்ட்ஸ் (வெள்ளைச் சிலிக்கா) மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விட, கனமான கனிமங்கள் மேல்கரையில் கருஞ்சிவப்பு வரிகளாகத் தங்கிவிடும். காற்று தணிந்த பிறகு காலையில், வெயில் ஏறுவதற்கு முன் போனால் அந்த வரிகள் தெளிவாகத் தெரியும். மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கத்துக் கரைகள் தொடங்குபவர்களுக்கு வசதியானவை.

வைகையும் குண்டாறும் மேற்கே உள்ள பாறை நிலத்தை அரித்து மணலை இந்தப் பக்கம் கொண்டுவருகின்றன. குண்டாறு மூக்கையூருக்கு அருகே கடலைத் தொடுகிறது. அந்த மேற்கு நிலத்தின் பாறைகளும் இலங்கையின் மலைப் பாறைகளும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் அடுத்தடுத்து இருந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. இலங்கையில் உள்ள கார்னெட், சில்லிமனைட், சிர்க்கான் என்னும் கனமான கனிமங்கள் இங்கேயும் இருப்பது அதனால்தான். அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் படிகச் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. செரெண்டிபைட் எந்த மாதிரியான பாறையில் பிறக்கும் என்று கண்ணால் காண விரும்புகிறவர்கள், அப்படிப்பட்ட சுண்ணாம்புப் பாறை மற்றப் பாறையைத் தொடும் ஓரங்களைத்தான் பார்க்க வேண்டும். சுரங்க எல்லைக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள்.

தனுஷ்கோடிக்கும் போகலாம். ஆனால் அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது, தண்ணீரில் இறங்க வேண்டாம். பகலில் போய், மாலைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

இனி மிக முக்கியமானது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் காலடி வைக்கக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டையும், அது உயிரற்றதாகவே இருந்தாலும், எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கனிம மணலையும் மூட்டை கட்டிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இல்லை. ஒரு கைப்பிடி மணலை அங்கேயே உட்கார்ந்து பாருங்கள், பார்த்த பிறகு அங்கேயே கொட்டிவிடுங்கள். கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும்.

முதல் கேள்வி: சிலிக்கேட்தானா?

இந்தக் கரையில் வெள்ளை மணல் இரண்டு வகை. ஒன்று குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மற்றது சிப்பியும் பவளமும் நொறுங்கிய சுண்ணாம்பு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரு சிட்டிகை மணலை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, கண்ணாடித் தட்டில் பரப்பி, எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ சில துளிகள் விடுங்கள். உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால், சில மணிகளின் மேல் நுண்ணிய குமிழிகள் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வரும். பக்கத்து மணி எதுவுமே நடக்காததுபோல் கிடக்கும். குமிழி விடுவது சுண்ணாம்பு, சும்மா இருப்பது பெரும்பாலும் சிலிக்கேட் அல்லது குவார்ட்ஸ். பாக் விரிகுடாப் பக்கம் ஒரு சிட்டிகை, மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு சிட்டிகை என்று ஒப்பிட்டுப் பாருங்கள்; கரைக்குக் கரை விகிதம் மாறும்.

செரெண்டிபைட் பளிங்கை ஒட்டிப் பிறப்பதால், இந்தச் சோதனை அங்கேயும் அப்படியே உதவும். வெள்ளைப் பளிங்கு குமிழி விடும், அதில் பதிந்த நீல மணி விடாது.

அரித்துப் பார்ப்பது

கருஞ்சிவப்பு வரியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அகன்ற சட்டியில் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோல் தண்ணீர் விட்டு அசைத்து அசைத்துச் சரியுங்கள். இலேசான குவார்ட்ஸ் தண்ணீரோடு போகும், கனமானவை அடியில் நிற்கும். வீட்டில் அரிசி அரித்துப் பழகியவர்களுக்கு இது முதல் முறையே கைவந்துவிடும். மீந்ததை உலர்த்தி, வெள்ளைத் தாளில் பாதியும் கறுப்புத் தாளில் பாதியும் பரப்புங்கள். சிர்க்கானும் சில்லிமனைட்டும் நிறமற்றவை, வெள்ளைத் தாளில் மறைந்துவிடும்.

அடுத்து, ஒரு காந்தத்தைப் பாலிதீன் உறையில் சுற்றி மணலுக்கு மேலே மெதுவாக ஓட்டுங்கள். துள்ளி ஒட்டுவது மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். வலுவான நியோடிமியம் காந்தம் இருந்தால் இல்மனைட் என்னும் கறுப்பு டைட்டானியக் கனிமமும் கார்னெட்டும்கூட வந்து ஒட்டும். உறையைக் கழற்றினால் எல்லாம் உதிர்ந்துவிடும். உறை இல்லாமல் ஓட்டியவர்கள் காந்தத்தைச் சுத்தம் செய்வதற்குள் களைத்துப்போவார்கள்.

மீந்ததைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய மடக்கு உருப்பெருக்கி போதும். கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, பொருளைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். பலரும் உருப்பெருக்கியைக் கல்லின் அருகே வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கார்னெட் இளஞ்சிவப்பாக, உடைந்த ஓரங்கள் சற்று மழுங்கி, உள்ளே ஒளி புகும்படி இருக்கும். சிர்க்கான் உருண்டு திரண்ட சிறு தூண். மற்ற எல்லாவற்றையும்விட அதன் பளபளப்பு கூர்மையானது. சில்லிமனைட் நீண்டு மெலிந்திருக்கும். இந்த மூன்றும் சிலிக்கேட்டுகள். மூன்றையும் தயங்காமல் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேன் நிறத்தில் உருண்டையாக வருவது மோனசைட்டாக இருக்கலாம். அது பாஸ்பேட், தோரியம் கொண்டது. தூசியை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

ஒப்படர்த்தி: அதிகம் உழைக்க வேண்டிய இடம்

ஒரு கல் அதே கனஅளவுத் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் ஒப்படர்த்தி. எனக்குப் பிடித்த சோதனை இதுதான். நிறம் ஏமாற்றும், வடிவம் தேய்ந்துபோகும், ஒப்படர்த்தி எளிதில் பொய் சொல்லாது. குவார்ட்ஸ் 2.65, சில்லிமனைட் 3.2 அளவு, செரெண்டிபைட் 3.4 முதல் 3.5, நீலமாகவும் கிடைக்கும் கயனைட், ஸ்பைனல் என்னும் கனிமங்கள் 3.6 அளவு, நீலக்கல் 4.0, சிர்க்கான் 4.6-ஐத் தாண்டும்.

இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு வேண்டும். முதலில் உலர்ந்த கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் முக்கால் அளவு தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். 2.10 கிராம் கல் 0.60 காட்டினால், விடை 3.50.

இங்கே கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது: கடல் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். அதன் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அதிகம். அதே கல் கடல் தண்ணீரில் 0.615 அளவு காட்டும், விடை 3.41 ஆகிவிடும். இந்தப் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீரும் உப்பு என்பதால், மழைத் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோ வைத்துக்கொள்வது நல்லது. ஒரு துளி சோப்புத் திரவம் விட்டால் கல்லில் காற்றுக் குமிழி ஒட்டாது. குமிழி ஒட்டினால் விடை குறைந்துவிடும்.

கல் சிறியதாக இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள். 0.60 என்பதில் 0.01 பிழை வந்தால் விடை 3.44 முதல் 3.56 வரைதான் ஆடும். ஆனால் 0.10 கிராம் கல்லில் அதே பிழை விடையை முற்றிலும் புரட்டிவிடும். முன்னர் சொன்ன மணல் மணிகளை இப்படி எடை போடவே முடியாது. ஒரு குவார்ட்ஸ் கூழாங்கல்லை எடுத்து, 2.65 வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து பழகுங்கள்.

கீறலும் நிறமாற்றமும்

கடினத்தன்மையைச் சோதிக்கும்போது கல்லின் முகத்தில் கீறாதீர்கள், பார்வையில் படாத ஓரத்தில் கீறுங்கள். 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவுகோலில் செரெண்டிபைட் 6.5 முதல் 7 வரை. கண்ணாடியைக் கீறும், குவார்ட்ஸைக் கீறத் திணறும். ஸ்பைனல் 8, நீலக்கல் 9. இரண்டும் குவார்ட்ஸைத் தாராளமாகக் கீறும். கயனைட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு: நீளவாக்கில் கத்தியால் கீறலாம், குறுக்குவாக்கில் கத்தி தோற்றுப்போகும்.

இப்போதுதான் நிறத்தின் முறை. நிறத்தையும் வெறுமனே பார்க்கக் கூடாது. போலராய்டு கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையைக் கண் முன் வைத்து, வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே கல்லைப் பிடித்து, வில்லையை மெதுவாகச் சுழற்றுங்கள். ஸ்பைனலிலும் கண்ணாடியிலும் நிறம் அசையாது. செரெண்டிபைட்டில் இளமஞ்சளிலிருந்து நீலப்பச்சைக்கும் கருநீலத்துக்கும் நிறம் நகரும். ஒரு திசையில் மாறவில்லை என்றால் கல்லைத் திருப்பி வேறு திசையிலும் பாருங்கள். கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல்மானி உள்ளவர்கள் கிடைத்தால் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்: செரெண்டிபைட் 1.70 அளவு, ஸ்பைனல் 1.718, நீலக்கல் 1.76 முதல் 1.77. கீழக்கரைக்கு முத்தும் ரத்தினமும் பரம்பரை வணிகம். கல் பார்ப்பதில் தேர்ந்த பெரியவர் ஒருவர் அறிமுகமானால் அருகே உட்கார்ந்து அவர் கல்லைத் திருப்பும் விதத்தைக் கவனியுங்கள். விலை கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கல் மிச்சமிருக்கும்: சஃபிரைன். அதுவும் நீலச் சிலிக்கேட், அடர்த்தியும் ஒளிவிலகலும் செரெண்டிபைட்டோடு கிட்டத்தட்ட ஒட்டியே வரும், படிக அமைப்பிலும் இரண்டும் உறவு. முக்கியமான வேறுபாடு, செரெண்டிபைட்டில் கால்சியமும் போரானும் இருப்பது. அவற்றை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. போரான் மிக இலேசான தனிமம் என்பதால் சாதாரண எக்ஸ்ரே கருவிகளுக்கும் எளிதில் சிக்காது. லேசர் ஒளி சிதறும் விதத்தைக் கொண்டு கனிமத்தை இனம் காணும் ராமன் நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்குப் போவது நல்லது. பாறையை 0.03 மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், செரெண்டிபைட்டின் அடுக்கடுக்கான இரட்டைப் படிகக் கோடுகளும் உதவும். நமக்கு அருகில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவில் கனிம மாதிரிகளை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதி வைப்பது

1953-இல் இலங்கையில் எக்கநாயக்க என்பவர் ஒரு பச்சைக் கல்லைக் கவனித்தார். தோரியமும் கால்சியமும் கொண்ட அந்தச் சிலிக்கேட், 1961-இல் எக்கனைட் என்ற பெயரில் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டது. தோரியத்தின் கதிரியக்கம் உள்ளிருந்தே படிக அமைப்பைச் சிதைத்து, கல்லைக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தது. அது மணிக்கல் சரளையில் தனியாக வந்த கல். எந்தப் பாறையில் பிறந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று அந்தக் கல்லைக் கேட்டு அறிய வழியில்லை. செரெண்டிபைட்டோ பாறையில் பதிந்தபடியே கிடைத்தது. அதனால்தான் பளிங்கின் ஓரம், கூடவே டையாப்சைட் (கால்சியம், மெக்னீசியம் கொண்ட சிலிக்கேட்), ஸ்பைனல் என்று அதன் பிறப்பை முழுதாக எழுத முடிந்தது. என் கணக்கில், இடம் தெரியாத அழகான கல்லைவிட இடம் தெரிந்த மங்கலான கல்லுக்கே மதிப்பு அதிகம்.

எனவே எந்த மாதிரிக்கும், அதைத் தொடுவதற்கு முன்னரே, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, எந்தக் கடல், அலைக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, சுற்றிலும் என்ன பாறை அல்லது மணல் என்பவற்றை எழுதுங்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சோதனை முடிவுகளைச் செய்த வரிசையிலேயே எழுதுங்கள்: அமிலம், காந்தம், ஒப்படர்த்தி, கடினத்தன்மை, போலராய்டில் தெரிந்த நிறங்கள். பெயர் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அந்தத் தாளின் நகலையும் கூடவே வையுங்கள். மாதிரியின் மேல் மையால் எழுதாதீர்கள். எண் எழுதிய சீட்டை உறைக்குள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் போடுங்கள், ஈரத்தில் ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சும்.